பிரேசில்காரனுக்கு எங்க மேல என்ன கோபம்?

இரண்டாயிரத்து மூணோ நாலோ, சரியாக ஞாபகம் இல்லை. சமாதானம் வந்துவிடும், வந்துவிடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் சூடுபிடிக்கிற நேரத்தில் நடந்தது இது.

நான் அப்போது ஹட்டன் டவுனில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வகுப்பில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கரப்பத்தனை தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து வந்த பிள்ளை கம்ப்யூட்டர் டீச்சர் என்று எங்கள் வீட்டில் பெருமை தாங்கவில்லை. எனக்கோ அது போதவில்லை. கொழும்பில் நல்ல கம்பெனி ஒன்றில் நுழைய வேண்டும். அவர்களோ அனுபவம் இருக்கா, அனுபவம் இருக்கா என்று கேட்டே ஆளைக் கொல்வார்கள். அப்போதுதான் இன்டர்நெட்டில் ஒரு வெளிநாட்டுக்காரரின் அறிவிப்பைப் பார்த்தேன். அவர் ஒரு சாப்ட்வேர் கருவி எழுதி இலவசமாகக் கொடுத்திருந்தார். அதற்குக் கையேடு எழுத ஆள் தேடினார். சம்பளம் கிடையாது, பெயர் போடுவார். நான் எழுதுகிறேன் என்று கையைத் தூக்கிவிட்டேன்.

அது என்ன கருவி என்று கேட்பீர்கள். நாம் வெப்சைட்டில் எழுதி அனுப்புவதை நடுவில் யாரும் படித்துவிடாமல் பூட்டி அனுப்புகிற ஏற்பாடு சர்வரில் இருக்கும். அந்தப் பூட்டு பலமானதா, இல்லை யார் வேண்டுமானாலும் திறக்கிற பழைய பூட்டா என்று தட்டிப் பார்க்கிற கருவி அது. அழகான படமெல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில் அதன் பெயரை அடித்து, பக்கத்தில் இரண்டு கோடு போட்டு ஒரு சொல்லை எழுத வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் அது ஒவ்வொரு வேலை செய்யும். அந்தச் சொற்களைத்தான் ஆப்ஷன் என்பார்கள்.

ஐயோ, அந்த ஆப்ஷன்கள்! தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்று பழைய பூட்டு வகைகளையெல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்க்கும். ஒன்று நிறுத்தும் வரைக்கும் திரும்பத் திரும்பச் சோதிக்கும். இன்னொன்றுக்கு அந்த மனுஷர் எழுதி வைத்திருந்த விளக்கம், ஆப்ஷனின் பெயரையே திருப்பிப் போட்டது. அதைப் படித்துவிட்டு எழுந்து போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தேன். வந்த பிறகும் புரியவில்லை.

அவர் வைத்த நிபந்தனை இரண்டுதான். ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் நிஜமாகவே ஓட்டிப் பார்த்த ஒரு உதாரணம் வேண்டும். அதுவும் அனுமதி உள்ள சர்வரில்தான் ஓட்ட வேண்டும், ஊரான் சர்வரைத் தொடக்கூடாது.

எனக்கு ஏது சர்வர்? ஆனால் என் அக்காவுக்கு இருந்தது. அக்காவும் அவள் வீட்டுக்காரரும் நுவரெலியாவில், நானுஓயா போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் மேலே, நாலு அறையுள்ள கெஸ்ட் ஹவுஸ் ஒன்றை லீசுக்கு எடுத்து நடத்தினார்கள். அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சவூதியில் டிரைவராக இருந்து சேர்த்ததையெல்லாம் அதில் போட்டிருந்தார். வெளிநாட்டு ஆட்கள் வந்துபோகத் தொடங்கிய காலம் என்பதால், சின்ன சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ரூம் புக் பண்ண ஒரு வெப்சைட்டை நானே செய்து கொடுத்திருந்தேன். அதில் சோதித்துப் பார்க்கட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"நம்மளோடதுதானேடி, என்னமோ பண்ணிக்க. ஒடைச்சிறாத."

உடைக்கவில்லை. ஒவ்வொரு ஆப்ஷனையும் அக்காவின் வெப்சைட்டில் ஓட்டி, என்ன வருகிறது என்று பார்த்து, அப்படியே எழுதினேன். எழுத எழுதத்தான் எனக்கே புரிந்தது. இதுவரை யாரும் இவ்வளவு தெளிவாக எழுதவில்லை என்று அந்த மனுஷர் ஈமெயில் போட்டார். கையேடு இன்டர்நெட்டில் ஏறியது. என் பெயரும் ஏறியது. இன்டர்நெட் பார்க்கப் போகிற கம்யூனிகேஷன் கடையில் வைத்தே குதித்துவிட்டேன்.

ஏப்ரல் விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். போனால் வீட்டில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. வெப்சைட் விழுந்து விழுந்து எழும்புகிறதாம். புக் பண்ணுகிறவர்களின் விவரம் வந்து சேரவில்லையாம். இந்த சீசன் ஓடினால்தான் லீசு தங்கும், இல்லாவிட்டால் மாமா திரும்பவும் சவூதிக்குப் போக வேண்டியதுதான். அக்கா அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

சர்வர் வாடகைக்குக் கொடுத்த கம்பெனியிலிருந்தும் ஈமெயில் வந்திருந்தது. யாரோ உங்களைத் தாக்குகிறார்கள், இது நிற்காவிட்டால் கணக்கை மூடிவிடுவோம் என்று.

யார் வந்தது, எங்கிருந்து வந்தது என்று சர்வர் தானாகவே பதிந்து வைக்கும். அதை எடுத்துப் பார்த்தேன். ஜெர்மனி, ஜப்பான், பிரேசில், பின்லாந்து! ஒருத்தரும் எதையும் திருடவில்லை. உள்ளே வரவும் இல்லை. பூட்டை மட்டும் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சிலர் மணிக்கணக்கில் விடாமல் தட்டுகிறார்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

"பிரேசில்காரனுக்கு நம்ம மேல என்ன கோவம்?" என்றார் மாமா. "அந்த ஊர் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதே."

யாராவது ஒருவர் இங்கே உட்கார்ந்துகொண்டே பல நாட்டு மெஷின்கள் வழியாக அடிக்கலாம் என்று எங்கேயோ படித்ததை எடுத்து விட்டேன். சொல்லியிருக்கவே கூடாது. மாமா சட்டென்று ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, ரோட்டோரத்தில், பக்கத்து முதலாளியின் கெஸ்ட் ஹவுஸ்.

அவர் சிங்களவர், வயதானவர். எங்கள் போர்டை எங்கே நடுவது என்பதில் போன வருஷம் அவருக்கும் மாமாவுக்கும் வாய்த்தகராறு. அவருடைய மகன் கொழும்பில் கம்ப்யூட்டர் படிக்கிறான், லீவுக்கு வந்திருக்கிறான். எங்கள் நாலு அறையும் பெரும்பாலும் காலி, அவர் வீட்டு வாசலில் வேன் மேல் வேன். மாமாவுக்கு இது போதாதா?

"அவன் மகன்தான். வேற யாரு? நீயே சொல்லு, இருக்கலாமா இருக்காதா?"

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டர் டீச்சருக்குத் தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. "இருக்கலாம் மாமா" என்றேன்.

காலையில் பொலிஸில் போய் எழுதிக் கொடுக்கிறேன் என்று அவர் முடிவு பண்ணிவிட்டார். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினாள். "ஊர்ல நம்ம ஆளுங்க நாலே வீடு. நாளைக்கு ஒண்ணுன்னா அவங்கதானே வரணும்" என்றாள். மாமா காதில் வாங்கவில்லை.

இது அந்தப் பையன்தானா என்று எப்படியாவது தெரிய வேண்டும். பூட்டைத் தட்டுகிற விதம் எங்கேயோ பார்த்த மாதிரியே இருந்தது. நான் கையேடு எழுதிய கருவியாகத்தான் இருக்க வேண்டும். உடனே அந்த வெளிநாட்டுக்காரருக்கு ஈமெயில் எழுதினேன். உங்கள் கருவியை வைத்து யாரோ எங்களை அடிக்கிறார்கள், எந்த ஆப்ஷனைப் போட்டு அடிக்கிறார்கள், தடுப்பது எப்படி, தயவு செய்து சொல்லுங்கள் என்று.

காலையில் டயல்-அப் கீச்சுக்கீச்சென்று கத்தி முடித்து லைன் கிடைத்ததும் பதில் வந்து விழுந்தது. ரொம்பப் பணிவாகத்தான் எழுதியிருந்தார். உங்கள் உதாரணங்களில் இருக்கிற முகவரி நிஜமான முகவரியா? கருவியை இறக்குகிறவர்கள் எல்லோரும் முதலில் அந்த உதாரணத்தைத்தான் அப்படியே காப்பி செய்து ஓட்டிப் பார்ப்பார்கள். உதாரணத்துக்கென்றே யாருக்கும் சொந்தமில்லாத பெயர் ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கிறது, நான்தான் கவனித்திருக்க வேண்டும், மன்னியுங்கள், இப்போதே மாற்றிவிட்டேன் என்று.

மூன்று தடவை படித்தேன். பிறகு கையேட்டைத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் அக்காவின் கெஸ்ட் ஹவுஸ் பெயர். பழைய பூட்டுகளைப் போட்டுப் பார்க்க, அக்கா வீடு. நிறுத்தும் வரைக்கும் திரும்பத் திரும்பச் சோதிக்க, அக்கா வீடு. அடிப்பாவி! பிரேசில்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான்.

"மாமா!" என்று கத்தினேன். மாமா இல்லை. இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு இப்போதுதான் இறங்கினார் என்றாள் அக்கா.

காலில் கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். பனி மூட்டத்தில் எதிரே வருகிற ஆளே தெரியவில்லை. கீழே வளைவில் மாமா நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எதிரே பக்கத்து முதலாளி. பின்னால் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், பெட்டிகளோடு. அதில் பெரிய பெட்டியை முதலாளியின் மகன் தூக்கிக்கொண்டிருந்தான்.

முதலாளி பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகப் பேசுவார். "இவங்க உங்க வீட்டுக்கு வந்த ஆளுங்க. கம்ப்யூட்டர்ல பாத்தாங்களாம், வேலை செய்யலயாம், நம்ம வீட்டுல வந்து கேட்டாங்க. மேல ஏற வழி தெரியாது. மத்தவங்களை மாதிரி தனியா அனுப்ப முடியல, புள்ள இருக்குதானே."

மாமா விழித்தார். "மத்தவங்களா?"

"ஆமா. இந்தக் கிழமை பூரா வந்தாங்களே. நான்தானே மேல போங்கன்னு காட்டினேன்."

அந்த வாரம் வந்த ஒன்றிரண்டு பேரும் தாங்களாகவே வழி கண்டுபிடித்து வந்தார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மாமாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

முதலாளி மாமாவை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு காலையில் இஸ்திரி சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு எங்கே பயணம் என்று கேட்டார்.

மாமா சட்டைக் காலரை இழுத்துவிட்டார். பிறகு, "சேர்ச்சுக்கு" என்றார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

"நல்லது, நல்லது. எங்க மகனுக்குப் பரீட்சை வருது. அவனுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

மாமா தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். பையன் என்னைப் பார்த்து, பெட்டியை எங்கே வைக்கணும் அக்கா என்று சிங்களத்தில் கேட்டான். நான் வழியைக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மாமா திரும்பி வரப் பத்து மணிக்கு மேலாகிவிட்டது. அதற்குள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தேன். அவரிடமும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

"நெசமாவே சேர்ச்சுக்குத்தான் போனேன்" என்றார். "பாதி ரோட்டுல நின்னுகிட்டு வேற எங்க போறது? பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டு வந்தேன். நேத்து ராத்திரி பூரா அவன் கைய ஒடைக்கணும்னு நெனச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

பழைய கையேட்டை இறக்கி வைத்திருந்தவர்கள் இன்னும் கொஞ்ச காலம் தட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். வெப்சைட்டுக்கு வேறு பெயர் வாங்கிச் சரிசெய்தோம். சீசனும் எப்படியோ ஓடியது, மாமா சவூதிக்குப் போகவில்லை. அந்தப் பையன் பரீட்சை பாஸ் பண்ணியதும் முதலாளி கொக்கிஸ் பலகாரமும் கேக்கும் தட்டில் வைத்துக்கொண்டு நேரே மாமாவிடம் வந்தார், உங்கள் பிரார்த்தனைதான் என்று. மாமா அந்தத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ கையேடுகள் எழுதிவிட்டேன். குழப்பம் இல்லாத நாளே கிடையாது. ஆனால் யாராவது வந்து, இது இவனாக இருக்கலாமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்ல இப்போது நாக்கு கூசுவதில்லை.