பழுதில்லை என்று முத்திரை குத்திய கார்

கார் கொம்பனியின் முன்மேசையில் இருப்பவனுக்கு ஒரே வேலைதான்: தான் கழற்றாத நட்டுக்கும் தான் பூட்டாத போல்டுக்கும் பதில் சொல்வது. சனங்களுக்கு முன்னால் மேசை போட்டு உட்கார்ந்த எவருக்கும் என் பாடு விளங்கும்.

யுத்த காலம். கொழும்பு ஒருகொடவத்தையில், ஜப்பான் கார்களை இறக்கி விற்கும் ஒரு கொம்பனியின் கராஜில் இருந்தேன். ஒருநாள் ஜப்பானிலிருந்து கடிதம் வந்தது. ஒரு மொடல் காரில், சாவி போடும் ஸ்விட்ச் சூடேறினால் ஓட்டத்திலேயே எஞ்சின் நின்றுவிடலாம். எல்லாக் கார்களையும் திருப்பிக் கூப்பிட்டுப் பாருங்கள், தேய்ந்திருந்தால் இலவசமாக மாற்றுங்கள் என்று. இதற்கு எங்கள் தொழிலில் ‘ரீகோல்’ என்று பெயர்.

வருத்தமில்லாத நோயாளி

முதலில் வந்தவர் வெள்ளவத்தையில் கணக்கு ரியூஷன் கொடுக்கும் சிவராசா மாஸ்டர். எங்கள் கடிதத்தை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஸ்விட்சைச் சோதித்த திலக பாஸ், எங்கள் மூத்த மெக்கானிக், தேய்மானம் இல்லை என்றார். ‘பார்த்தது, பழுதில்லை’ என்று கார் புத்தகத்தில் முத்திரை குத்திக் கொடுத்தேன்.

மாஸ்டர் அதைக் கண்ணாடி போட்டு வாசித்தார். “தம்பி, வருத்தமில்லாதவனை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் ஒண்டில் டொக்டருக்குப் பிழை, இல்லாட்டி எனக்குக் காலம் முடிஞ்சுது.”

விருந்து

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு அன்ரிக்கு ஸ்விட்சை மாற்றிக் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்து வைப்பர் வேலை செய்யவில்லை என்று வந்தார். கடிதத்தில் வைப்பர் இல்லை என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன்.

“விருந்துக்குக் கூப்பிட்டது நீங்கதானே? சோத்த மட்டும் போட்டுட்டு, கறிய வெளிய போய்ச் சாப்பிடு எண்டால் நியாயமா?”

சோதனைச் சாவடியில்

எட்டு மாதம் போனது. ஒரு காலை மாஸ்டர் பஸ்ஸில் வந்தார். சவரம் செய்யவில்லை. முதல்நாள் நடுப்பகலில், காலி வீதியில் ஒரு சோதனைச் சாவடிக்கு நேர் முன்னால் கார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பத் திருப்ப எழும்பவில்லை. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். குண்டுக் காரென்று ஆமிக்காரர் துவக்கை நீட்டி இறக்கியிருக்கிறார்கள். சீற்றெல்லாம் கழற்றி ரோட்டில் போட்டுவிட்டு, ஆளைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்களாம். மேல் வீட்டுச் சிங்களக் குடும்பம் பொலிசுக்கு வந்து பொறுப்புச் சொன்ன பிறகுதான், பின்னேரம் விட்டார்கள்.

நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

“கார் பழுதெண்டு சொன்னன் தம்பி. அவங்கள் உங்கட முத்திரையைக் காட்டி, பழுதில்லாத காரை இதில ஏன் நிப்பாட்டினனீ எண்டு கேட்டவங்கள்.”

குளிர்ந்த எஞ்சின்

மனேஜர் கையை விரித்தார். முத்திரை குத்தியதோடு அந்தக் காரின் ரீகோல் முடிந்தது, பிறகு பழுதானால் சொந்தக்காரர் பாடு என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. ஜப்பான் கடிதத்தை மறுபடி வாசித்தேன். முடிவுத் திகதி எங்குமே இல்லை. பிறகு பழுதானால் என்ன செய்வது என்று அவர்களிடமே கேட்க ஒரு ஃபக்ஸ் எழுதத் தொடங்கினேன்.

திலக பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். மாஸ்டரின் காரைச் சோதித்த அன்று வரிசையாகப் பத்துக் கார் நின்றதால், ஆறிப்போன எஞ்சினைச் சூடேற்றாமலே பார்த்ததாகச் சொன்னார். அதை எழுதினால் உங்கள் வேலைக்கு ஆபத்து, பாஸ் என்றேன். அவர் சிங்களத்தில், தம்பி என்று கூப்பிடும் ‘மல்லி’யோடு சொன்னார்:

“எழுது மல்லி. வேலை போனால் எனக்கு வேற கராஜ் இருக்கு. அந்த மனுசனைச் சுட்டிருந்தால்?”

பதில்

இரண்டு கிழமையில் ஜப்பானிலிருந்து பதில் வந்தது. பிறகு பழுதானாலும் குறை அதேதான். பார்த்துவிட்டு அனுப்பிய கார்களையும் திரும்பக் கூப்பிட்டு எல்லாவற்றுக்கும் ஸ்விட்சை மாற்றுங்கள் என்று. பாஸின் வேலை போகவில்லை. மனேஜரிடம் ஒரு மணித்தியாலம் பேச்சு வாங்கியதோடு சரி. மாஸ்டரின் ஸ்விட்சைப் பாஸே மாற்றி, மதியம்வரை ஓட்டிப் பார்த்து, சூடாகவே கொண்டுவந்து நிறுத்தினார்.

“புதுசும் பழுதானால்?” என்று மாஸ்டர் கேட்டார். எப்போதென்றாலும் கொண்டு வாருங்கள், மாற்றித் தருவோம் என்றேன். சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார்.

“நல்லது தம்பி. ஆனால் நிக்கிறதெண்டால் வீட்டு வாசல்ல நிக்கச் சொல்லி ஜப்பானுக்கு ஒருக்கால் எழுதிவிடுங்கோ.”

அந்த மேசையில் இருந்த வருடங்களில் நான் விளங்கிக்கொண்டது, காருக்கு எத்தனை வருட உத்தரவாதமும் கேட்டு வாங்கலாம், அது ஓடுகிற ரோட்டுக்குத்தான் ஒருவரும் தரமாட்டார்கள்.