ஒற்றை ரிப்பன்

நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் மிச்சமிருந்த வயலில் எங்கள் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் சார்பில் சில புது நெல் ரகங்களைப் பாத்தி பாத்தியாக நட்டிருந்தோம். எது நல்லது என்று முடிவு செய்வது நாங்கள் அல்ல, அந்தப் பக்கத்து விவசாயிகள்தான். அறுப்புக்கு முன்னால் ஆளுக்கொரு சிவப்பு ரிப்பன் கொடுப்போம். பிடித்த பாத்தியில் கட்டிவிட்டுப் போவார்கள். அதிக ரிப்பன் விழுந்த ரகத்தின் விதைதான் அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு எல்லாருக்கும் கிடைக்கும்.

அந்த முறை வந்தவர்களில் ஒரு பெரியவர், தன் மகனுடைய பழைய கம்பெனிச் சட்டையைப் போட்டிருந்தார். ரிப்பனை ஆள்காட்டி விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக வரப்பெல்லாம் நடந்தார். கடைசியில், விளைச்சல் குறைவென்று மற்றவர்கள் திரும்பியும் பார்க்காத ஒரு பாத்தியில் கட்டினார்.

“இதுல அப்படி என்னங்க புடிச்சிது?” என்று கேட்டேன்.

“இது சீக்கிரம் முத்திடுது சார். ஊட்ல பொஞ்சாதிக்கு ஒடம்பு சரியில்ல. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. நம்ம நெலத்துல வெளைஞ்ச புது அரிசில கஞ்சி வெச்சு ஒரு வாய் குடுத்துடலாம்னு பாக்குறேன்.”

அந்த ரகத்துக்கு விழுந்தது அவருடைய ரிப்பன் மட்டும்தான். எங்கள் முறைப்படி அதைக் கழித்துவிட்டோம்.

அடுத்த பட்டத்திலும் வந்தார். அந்த ரகம் எங்கே என்று கேட்பாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அவர் கேட்கவில்லை. வரப்பில் கால் வைக்காமலே, கொடுத்த ரிப்பனை என் கையில் திருப்பி வைத்தார்.

“நீயே எதுல வேணா கட்டிடு சார். எனக்கு இனிமே அவசரமில்ல.”

எல்லாரும் போன பிறகு ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எதில் கட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை.