ஆயுத பூஜையன்று காலியாக்கிய குழாய்

மண்டயம் திருநாராயணன் யதுநந்தன் (1937–1999). மைசூரில் சிறிய தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றின் வேதியியலர்.

ஹைட்ரஜனைக் கனத்த உருளைகளில் அழுத்தி அடைப்பதற்குப் பதிலாக, சில உலோகக் கலவைகளை அதை உறிஞ்சிக்கொள்ளச் செய்யலாம். சூடேற்றினால் அவை வாயுவைத் திருப்பித் தரும். லாந்தனமும் நிக்கலும் சேர்ந்த கலவை அத்தகையது. அதன் குறை ஒன்றுதான்: நிரம்பிக் காலியாகும் ஒவ்வொரு முறையும் வீங்கிச் சுருங்கி, நாளடைவில் கொள்ளளவை இழந்துவிடும். யதுநந்தன் நிக்கலில் சிறு பங்கைக் குறைத்து, அவ்விடத்தில் வெள்ளீயம் சேர்த்தார். 1994-இல் எஃகுக் குழாய் ஒன்றில் அடைத்த அக்கலவை, பழைய கலவை தளர்ந்துபோன எல்லையைக் கடந்தும் சோர்வின்றி உழைத்தது. தசரா முடிந்ததும், பணம் வழங்கிய நிறுவனத்தின் மேலாளர் கேசவமூர்த்தி அதைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர் இசைந்தால் குழாயை ஒரு ஸ்கூட்டரில் பொருத்தி ஓட்டிப் பார்க்கலாம். யதுநந்தன் எதிர்பார்த்திருந்தது அந்த ஓர் அனுமதியைத்தான்.

ஆயுத பூஜையன்று ஆய்வுக்கூடத்தின் எல்லாக் கருவிகளுக்கும் ஓய்வு. கருவிகளைப் பராமரிக்கும் பிட்டர் தொட்டையன் எல்லையோர ராமாபுரத்துக்காரர். கற்பூரத் தட்டுடன் வாசலில் நின்றார்.

"சார், குழாய்க்கும் பொட்டு வெக்கறனுங்க."

"ஹைட்ரஜன் பக்கத்துல கற்பூரமா? எங்களை எல்லாம் ஒரேயடியா வைகுண்டத்துக்கு அனுப்பப் பாக்கறயா? ஸ்வல்ப இரு, கொஞ்சம் பொறு."

யதுநந்தன் குழாயைச் சூடாக்கி வாயுவை முழுதும் வெளியேற்றி, வால்வை மூடினார். "காலி பண்ணிட்டேன். இனி உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அக்ரஹாரத்து வீட்டுக்குப் புறப்பட்டார்.

விடுமுறை முடிந்து கேசவமூர்த்தி வந்தபோது, குழாய் வழக்கமான அளவில் பாதியைக்கூட உறிஞ்சவில்லை.

"என்ன ஓய், உம்ம உலோகமும் ரிடையர்மெண்ட் கேக்கறதா?"

யதுநந்தன் அழுத்தமானியை மறுபடியும் பார்த்தார். அளவீட்டுக்கு மாறாகப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"கலவை களைச்சுடுத்து. வெள்ளீயம் போதலை" என்றார்.

ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஸ்கூட்டர் திட்டம் அன்றோடு கைவிடப்பட்டது.

சில மாதங்கள் கழித்துக் குழாயைப் பிரிக்க முற்பட்டபோது, வால்வின் நட்டு விரலாலேயே சுழன்றது. தொட்டையனைக் கூப்பிட்டார்.

"நீங்க போனப்புறம், பூஜைக்கு முந்தி கழட்டித் துடைச்சு மாட்டினனுங்க சார். பளபளன்னு இருக்கோணுமில்லீங்களா?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?"

"நீங்கதானுங்களே காலின்னு சொன்னீங்க."

காலியான குழாய் ஆறும்போது, எஞ்சிய சிறிதளவு வாயுவையும் உலோகம் உள்ளிழுத்துக்கொள்ளும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். தளர்ந்த நட்டு வழியே புகுந்த காற்று உலோகத் துகள்களின்மேல் ஹைட்ரஜனை உள்ளே விடாத படலமாகப் படிந்திருந்தது. குழாயை நிரம்பியபடியே விட்டிருந்தால், வாயுதான் வெளியே கசிந்திருக்கும்; காற்று உள்ளே வந்திராது. இதை அறிந்தவர் அங்கே அவர் ஒருவரே. அவர் அதைத் தொட்டையனிடம் சொல்லவில்லை.

நட்டை இறுக்கி, குழாயைச் சூடேற்றிக் காற்றை உறிஞ்சி நீக்கி, மீண்டும் மீண்டும் ஹைட்ரஜனை நிரப்பினார். இழந்த கொள்ளளவு ஏறக்குறைய முழுதும் மீண்டது. உடனே கேசவமூர்த்தியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பணம் பாட்டரி ஆராய்ச்சிக்குப் போயாச்சு, ஓய். வெள்ளீயம் போதாதுன்னு சொன்னது நீர்தானே? நானா சொன்னேன்?"

பணி ஓய்வுக்குப் பிறகும் அவ்வப்போது ஆய்வுக்கூடத்துக்குப் போய் அந்தக் குழாயை நிரப்பிப் பார்ப்பார். ஒரு முறையும் அளவு குறையவில்லை. அதை அவர் கடைசியாக நிரப்பியது 1997 ஆகஸ்ட் 22 அன்று.