ஒயின் வாங்கப் போன சனிக்கிழமை

ஆபீசில் நாங்கள் மூன்று பெண்கள் ஒரு செட். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மூவரில் ஒருத்தி வீட்டில் சாப்பாடு. வீட்டுக்காரி சமைப்பாள், மற்ற இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்று கொண்டு போக வேண்டும். நான் வலியசாலை அக்ரஹாரத்துக்காரி. என் பங்கு எப்போதும் புளியோதரை, இல்லாவிட்டால் தயிர் சாதமும் வடுமாங்காயும்.

அந்த மாதம் முறை பூஜப்புரையில் ஃபிளாட்டில் இருக்கும் மலையாளித் தோழியுடையது. வெள்ளிக்கிழமை மதியம் கேண்டீனில் அவள், "இத்தவணயும் தயிர் சாதம் தன்னே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பாறசாலையிலிருந்து வரும் மற்றொரு தோழியும் சேர்ந்து சிரித்தாள். அவள் எங்களில் இளையவள், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சீண்டினால் எனக்குப் பொறுக்காது. ஐம்பது வயதாகியும் அந்தக் குணம் போகவில்லை.

"இல்லை, கேட்டியோ. இந்தத் தடவை வைன் நான் கொண்டுவரேன்," என்று சொல்லிவிட்டேன்.

"எண்டெ தெய்வமே! ஸ்வாமிமாருடெ வீட்டில்நின்னு வைனோ!" என்று மலையாளித் தோழி மேஜையைத் தட்டினாள். எங்களைப் போன்ற ஐயர்களை இங்கே ஸ்வாமி என்பார்கள்.

நாக்கில் சனி என்பது இதுதான். இந்த ஊரில் ஒயின் வேண்டுமென்றாலும் சர்க்கார் மதுக்கடைக்குத்தான் போக வேண்டும். எங்கள் தெருவில் நான் எத்தனை கட்டுக் கீரை வாங்கினேன் என்பதுகூட எதிர் வீட்டுக்குத் தெரியும். ஆகவே, தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது என்று கணக்குப் போட்டு, ஸ்ரீகாரியம் பக்கம் இருக்கும் கடையைத் தேர்ந்தெடுத்தேன். வரிசையில் நிற்க வேண்டாம், உள்ளே போய் நாமே எடுத்துக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். வீட்டில் நாத்தனார் வந்திருந்தாள். தையல்காரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லி, துணிப்பையில் பழைய செய்தித்தாள் இரண்டு மடித்து வைத்துக்கொண்டு சனிக்கிழமை மூன்று மணிக்குப் பஸ் ஏறினேன்.

கடை மாடியில் இருந்தது. உள்ளே ஏசி போட்டு, மருந்துக்கடை போலச் சுத்தமாக வைத்திருந்தார்கள். ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. அந்தக் கடையின் மரியாதை அது என்று உடனே புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரனே வந்தாலும் அங்கே அவன் யாரோ, நாம் யாரோ. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒயின் அலமாரி ஓரத்தில் இருந்தது. கத்தரிக்காய் என்றால் காம்பைப் பார்ப்பேன், வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடித்துப் பார்ப்பேன். இதில் எதைப் பார்ப்பது? சிவப்பு ஒரு வரிசை, வெள்ளை ஒரு வரிசை. விலை குறைந்ததை எடுத்தால் கஞ்சப்பிசினாரி என்பார்கள், கூடியதை எடுத்தால் பவிஷு என்பார்கள். தக்கை வைத்து அடைத்ததை வாங்கினால் திறக்க அவள் வீட்டில் சாதனம் உண்டோ இல்லையோ. திருகு மூடி போட்டதாகப் பார்த்து ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, லேபிளில் இருந்த பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் பீர் வைக்கும் பிரிட்ஜின் கண்ணாடிக் கதவில் ஓர் ஆள் தெரிந்தார். பாறசாலைத் தோழியின் கணவர்.

அவருக்குச் சாலை பஜாரில் பைப்பும் பெயிண்டும் விற்கும் கடை. அங்கிருந்து இவ்வளவு தூரம் அவர் எதற்கு வந்தார் என்று யோசிக்கவே தேவையில்லை. நான் எதற்கு வந்தேனோ அதற்குத்தான், தெரிந்த முகம் இருக்காது என்று. அவர் குடியை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆபீசிலேயே எனக்கு மட்டும்தான் அது தெரியும். ஒருநாள் ரெக்கார்டு ரூமில் வைத்து அவளே அழுதுகொண்டே சொன்னாள். "எங்கயாவது அவரத் தனியா நிக்கப் பாத்தா ஒரு சத்தம் குடுங்க எக்கா. கூப்பிட்டா போதும், கூட வந்துருவாரு. அவருக்க மனசு அப்படித்தான்." நான் சரி என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தேன்.

ரம் அலமாரிக்கு முன்னால் அவர் வெறுங்கையோடு நின்றார். கையை நீட்டுவார், பிறகு பாக்கெட்டில் விட்டுக்கொள்வார். இரண்டு முறை அப்படிச் செய்தார். பிறகு திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். அவர் பயந்திருந்தால் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் முகத்தில் பயமில்லை. அப்பாடா என்பதுபோல ஒரு தெளிச்சம் வந்தது. என் பக்கம் ஓரடி எடுத்தும் வைத்தார்.

"அண்ணா, வாங்கோ, போலாம்" என்று ஒரு வார்த்தை போதும். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது வேறு. இவர் கடையில்தான் என் மைத்துனர் பைப் வாங்குகிறார். இன்று பேச்சுக் கொடுத்தால் நாளை சாலை பஜார் முழுக்கத் தெரியும், நாளை மறுநாள் வலியசாலையில் என் தலை உருளும். கையில் பாட்டிலோடு நிற்கிறேன், இதை எப்படி மறைப்பது? நான் முந்தானையைத் தலைவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை, அதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுபடி திரும்பியபோது அவர் பில் போடும் இடத்தில் நின்றார். கையில் அரை பாட்டில் இருந்தது. அவர் படியிறங்கிப் போகும்வரை நான் லேபிள் படித்தேன். என்ன படித்தேன் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. கையிலிருந்ததையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏழு மணிக்குப் பூஜப்புரைக்குப் போனால், பாறசாலைத் தோழியைக் கொண்டுவிட வந்த அவள் கணவரை வீட்டுக்காரி விடாமல் உட்கார வைத்திருந்தாள். மேஜையில் எனக்கு நேர் எதிரே அவர். என் பாட்டிலைத் திறந்து எல்லோருக்கும் ஊற்றினார்கள். நான் ஒரு வாய் குடித்துவிட்டு, "தசமூலாரிஷ்டம் மருந்து மாதிரின்னா இருக்கு," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரி அவர் டம்ளரில் ஊற்றப் போனாள். அவர் உள்ளங்கையால் டம்ளரை மூடிக்கொண்டார்.

"அவரு தொடமாட்டாரு. நிறுத்தி எட்டு மாசம் ஆச்சு," என்றாள் என் தோழி. அதுவரை வெளியில் சொல்லாமல் வைத்திருந்ததை முதல்முறையாகச் சபையில் சொல்கிறாள். முகமெல்லாம் பூரிப்பு. கல்யாணப் பெண்ணைப்போல இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எக்கா, கடைக்கு எப்பிடிப் போனிய? தெரிஞ்ச ஆளு யாராவது பாத்தாவளா?" என்று கேட்டாள்.

"யாரையும் பாக்கலை," என்றேன்.

அவர் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். எனக்கு உயிர் வந்தது. வெட்கக்கேடு, அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் நன்றிகூட வந்தது. நான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நடுவில் உட்கார்ந்து சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தவளைத்தான் நாங்கள் இருவரும் கைவிட்டோம். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். நான் இரண்டாவது முறையும் ஊற்றச் சொல்லிக் குடித்தேன்.

மறுநாளே அவளிடம் சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை சொல்லலாம் என்று வைத்தேன். திங்கட்கிழமை அவள் பலாக்காய் வறுவல் கொண்டுவந்து தந்தாள், வாங்கித் தின்றேன். ஒருவேளை அவர் வாங்கினாரே தவிரக் குடித்திருக்க மாட்டார் என்றும் நினைத்துக்கொண்டேன். நினைப்பதற்கு என்ன வரியா கட்ட வேண்டும்?

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை அவள் கண் வீங்கி வந்தாள். அவர் கடையிலேயே பெயிண்ட் டப்பாக்களுக்கு இடையில் விழுந்து கிடந்திருக்கிறார். பழையபடி ஆகிவிட்டது. கேண்டீனில் நாங்கள் இருவர் மட்டும்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"எல்லாம் எனக்க குத்தந்தான் எக்கா," என்றாள். "போன மாசம் அவருக்க தங்கச்சி வீட்டுக்குப் போகாண்டாம்னு நான் சண்டை போட்டேன்லா. ரெண்டு நாளு சோறு திங்காம இருந்தாரு. அதுலதான் தொடங்கியிருப்பாரு. நான் வாய வச்சிட்டுச் சும்மா இருந்திருந்தா..."

அந்தச் சண்டை நடந்தது ஒயின் சனிக்கிழமைக்கு மூன்று வாரம் கழித்து. எனக்குத் தேதி தெரியும், மணி தெரியும், அவர் எந்த அலமாரிக்கு முன்னால் நின்றார் என்பதுகூடத் தெரியும். அவள் மேல் இருந்த அந்தப் பழியை நான் ஒரே வாக்கியத்தில் இறக்கி வைத்திருக்கலாம். அது என் மேல் வந்து ஏறும், அவ்வளவுதானே.

அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க ஒருத்திதான் எக்கா எங்களப் பத்தி யாருட்டயும் ஒரு வார்த்தை சொல்லாத ஆளு," என்றாள்.

"டீ ஆறிப் போறது, குடி," என்றேன் நான்.