கண்ட்ரோலரின் பச்சை விளக்கு

காலை ஒன்பது நாற்பதுக்கு ஆரம்பித்தது. மகள் பிரின்சி வயரில்லாத கேம் கண்ட்ரோலரை ஆன் செய்தாள். பச்சை விளக்கு சிமிட்டிவிட்டு உறுதியாக நின்றது. திரையில் இருந்த கிரேன் மட்டும் அசையவில்லை. பத்து மணிக்கு அவளுக்குத் தேர்வு. துறைமுகக் கிரேன் பயிற்சிக்கு ஆள் எடுப்பவர்கள், அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பெட்டியைத் தூக்கி இறக்கச் சொல்லி, அங்கிருந்து பார்ப்பார்கள். ஒரே வாய்ப்பு.

ராத்திரி அப்டேட் ஆனதில் டிரைவர் சாஃப்ட்வேர் போயிருக்கும் என்றேன், ஏதோ தெரிந்தவன் மாதிரி. நீக்கி மறுபடி ஏற்றினாள். எந்தக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததை நான் உரக்க வாசித்தேன். நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜெயமேரியின் மகளோடு பழகிப் பார்க்க இதைக் கொண்டுபோனவள்தானே, கீழே போட்டாயா என்றும் கேட்டேன்.

"விழலப்பா. லைட்டு நிக்கி, பாருங்க. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

சும்மா இருக்க முடியுமா? வாங்கி எல்லாப் பொத்தான்களையும் அமுக்கினேன், குச்சியை மேலும் கீழும் தள்ளினேன். உள்ளங்கை வியர்த்து, கைப்பிடி ரப்பர் வாடை அடித்தது. கப்பல் உரசாமலிருக்கத் துறைமுகச் சுவரில் தொங்கும் ரப்பர், வெயிலில் இதே வாடைதான் அடிக்கும். அங்கேதான் என் முதல் வேலை. கப்பலின் சரக்கறை விளிம்பில் நின்று, சுமை தூக்கும் விஞ்ச் ஓட்டுகிற அண்ணாச்சிக்குக் கையால் சைகை காட்ட வேண்டும். எங்கள் வயர்லெஸ் அதுதான். ஒருநாள் அவர் கண்ணில் வெயில் அடித்தது. நிறுத்தச் சொல்லி நான் கையை விரிக்கிறேன், கயிற்றில் தொங்கும் மூட்டைக்கட்டு இறங்கிக்கொண்டே இருக்கிறது, அடியில் ஆட்கள். தொண்டை கிழியக் கத்திய பிறகுதான் நின்றது.

"கையக் காட்டச் சொன்னா, பாட்டா பாடுத?" என்று மேலிருந்து ஏசினார்.

சைகை காட்டுகிறவர்கள் இப்போது இல்லை. மூட்டைகளும் பெட்டிகளுக்குள் போய்விட்டன. போகட்டும். அந்தக் கயிறு போனதுதான் எனக்குக் கவலை. கயிறோ வயரோ இருந்தால், எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும். இந்தப் பச்சை விளக்கு என்ன சொல்கிறது? குச்சியை இன்னும் வேகமாக ஆட்டினேன்.

பத்துக்குச் சில நிமிடம் இருக்கையில் ஜெயமேரி செருப்பில்லாமல் ஓடி வந்தாள். கையில் ஜெபமாலை.

"ஏளா பிரின்சி, நேத்து நீ தொறந்து போட்டுட்டு வந்த கிரேனு, எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஆளே இல்லாம ஏறி எறங்குதுளா."