இரண்டு ஏஸ்களைக் கீழே வைத்த நாள்

சீட்டுகளின் மூலையை மட்டும் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தேன். ஸ்பேடு ஏஸ். அதன் பின்னால் ஹார்ட்டின் ஏஸ். மூன்றாவது ஏதோ ஒரு ஏழு. மூணு சீட்டில் ஏஸ் ஜோடி என்பது நாள் முழுக்க ஆடினாலும் ஒரு முறை வந்தால் பெரிது. எனக்கு அது போட்டியின் கடைசிக் கட்டத்தில், மூன்றே பேர் மிச்சமிருந்தபோது வந்தது. அந்த மூவரில் ஒருத்தி என் அண்ணி. நாற்பது வருடம் ஆகப்போகிறது. அந்த ஒரு கை ஆட்டத்தை நான் இன்னும் மனதுக்குள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் கட்டிங் செக்‌ஷனில் இருந்தேன். அண்ணி தையல் செக்‌ஷனில். அண்ணன் லாரி ஓட்டினான், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நானும் அண்ணியும் சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். ஜோலார்பேட்டையில் ரயில்வே வீடுகளில் வளர்ந்தவள் அவள். என்னைவிட நன்றாக ஆடுவாள். ஆனால் அவளுக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். நல்ல சீட்டு வந்தால் கவிழ்த்து வைத்துவிட்டு அதைத் தொடவே மாட்டாள். ஒன்றுமில்லாத சீட்டு என்றால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள்.

கம்பெனி ஆண்டு விழாவில் ஆண்களுக்கு கேரம், சீட்டு. பெண்களுக்குக் கோலம், மியூசிக்கல் சேர். அந்த வருடம் அண்ணி நேராகப் போய் சீட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். பெயர் எழுதியவர் அவளுடைய தையல் சூப்பர்வைசர். மூன்று வருடமாகச் சீட்டில் ஜெயித்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். "உனுக்கு இன்னாத்துக்குமா இது? பொம்பளைங்களுக்கு நிதானம் பத்தாது" என்றார். தையலில் ஒரு மெஷின் லைனை நடத்தும் வேலையை அண்ணி கேட்டபோதும் அவர் அதையேதான் சொல்லியிருந்தார். "பேர எழுதுங்க சார். நிதானம் இருக்குதா இல்லையானு அப்புறம் பாக்கலாம்" என்றாள். விஷயம் அன்றைக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. முதல் பரிசு ஒரு கைக்கடிகாரம். ஆம்பளைக் கடிகாரம். ஒரு பெண் ஜெயிப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் கேன்டீனில் போட்டி நடந்தது. காசு வைத்து ஆட முதலாளி விடமாட்டார் என்பதால், கழிவுத் தோலில் வெட்டிய வட்ட வில்லைகளை ஆளுக்கு ஐம்பது கொடுத்தார்கள். வில்லை தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். சாயங்காலம் நான்கு மணிக்கு சூப்பர்வைசர், அண்ணி, நான் மட்டும் மிஞ்சினோம். தையல் செக்‌ஷன் பெண்கள் நாற்பது ஐம்பது பேர் பெஞ்சுகளின் மேலேறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருப்பதிலேயே குறைவான வில்லைகள் அண்ணியிடம்தான்.

அந்தக் கையில் சூப்பர்வைசர் முதலில் பத்து வைத்தார். அண்ணி சீட்டைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன்னிடமிருந்த எல்லா வில்லைகளையும் நடுவில் தள்ளினாள். சீட்டு நெஞ்சோடு சேர்ந்திருந்தது.

அடுத்தது என் முறை. இரண்டு ஏஸ். அவளிடம் ஒன்றுமில்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வைத்தால் அவள் வெளியே. அத்தனை பெண்களுக்கு முன்னால், சொந்தக் கொழுந்தன் கையால். சூப்பர்வைசர் விரலால் மேசையைத் தட்டினார். "பேக்" என்று சொல்லி அந்தக் கையை விட்டுக்கொடுத்து, சீட்டுகளைக் கவிழ்த்துப் போட்டேன். அவர் அண்ணியின் முகத்தையே பார்த்தார். பிறகு அவரும் சீட்டை விட்டார். பெண்கள் போட்ட கூச்சலில் தகரக் கூரை அதிர்ந்தது.

கலைப்பதற்காகச் சீட்டுகளை வாரிய சூப்பர்வைசர், என் சீட்டுகளை மட்டும் திருப்பிப் பார்த்தார். "அட, ரெண்டு ஏஸ வெச்சிக்கினு எவனாச்சும் பேக் பண்ணுவானா? குடும்பமா சேந்து ஆடறீங்களா?"

கூச்சல் நின்றது. அண்ணி என்னைப் பார்த்தாள். இன்றுவரை வேறு யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு தன் சீட்டுகளைத் திருப்பி எல்லோரும் பார்க்கும்படி வைத்தாள். பத்து, ஆறு, மூன்று. "என்கிட்ட இருந்தது இதான். இந்தக் கை செல்லாது சார். முன்ன எப்டி இருந்துச்சோ அப்டியே வில்லைய பிரிங்க. நாம ரெண்டு பேரும் ஆடலாம்." என் பக்கம் திரும்பாமலே, "தம்பி, எழுந்துரு" என்றாள்.

எழுந்து போய்ச் சுவரோரம் நின்றேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர்கள் ஆடினார்கள். நடுவில் ஒரு கட்டத்தில் அவளிடம்தான் வில்லைகள் அதிகம் இருந்தன. அப்புறம் அவை குறைந்தன. கடைசியில் ஒரு கையில் சீட்டைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள், அதைத் தொடவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்த எல்லாவற்றையும் தள்ளினாள். சூப்பர்வைசரும் விடவில்லை. அவளிடம் ராணி ஜோடி. அவரிடம் நாலு, அஞ்சு, ஆறு. வரிசையாக மூன்று வந்தால் எந்த ஜோடியும் அதற்குக் கீழேதான்.

அண்ணி எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "நல்ல ஆட்டம் சார்" என்றாள். குரலில் நடுக்கம் இல்லை. கடிகாரத்தை அவர் கட்டிக்கொண்டபோது அவளும் கைதட்டினாள்.

தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் அவள் நின்றாள். "அவர்கிட்ட தோத்தேன். அது ஆட்டம். உன்கிட்ட தோக்கறதுக்கு நீ வுடல. நான் தாங்க மாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்ட. நிதானம் பத்தாதுன்னு அவரு வாயால சொன்னாரு. நீ சொல்லாம சொல்லிட்ட."

அதற்குப் பிறகு பல நாள் அவளிடம் சொல்வதற்குப் பதில்களைத் தயாரித்தேன். உன் மேல் உள்ள பாசத்தால் என்றேன் மனதுக்குள். அது முழு உண்மை இல்லை. அவள் அழுதால் என்ன செய்வது, அண்ணன் கேட்டால் என்ன சொல்வது என்ற பயமும் இருந்தது. என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவளைக் காப்பாற்றினேனோ? கட்டிங் மேசையில் நிற்கும்போது இந்த யோசனை வந்து, இரண்டு முறை நல்ல தோலைத் தப்பாக வெட்டிப் பேச்சு வாங்கினேன். அண்ணி பேச்சை நிறுத்தவில்லை. சோறு போட்டாள், சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டுக் கட்டை மட்டும் எடுக்கவில்லை. மறு வருடம் தையலில் புது லைன் தொடங்கியபோது, அதை நடத்த அவள் பெயரைச் சொன்னது அந்த சூப்பர்வைசர்தான். ஏன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணிக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. மூன்று வருடத்துக்கு முன், வயிற்றில் கட்டி என்று வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டு, புற்றுநோய்தான், ஆபரேஷன் செய்யலாம், ஆனால் பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்றார். அண்ணன் சுவரில் சாய்ந்துவிட்டான். "அம்மாகிட்ட சொல்ல வேணாம் சித்தப்பா. சும்மா சின்ன ஆபரேஷன்னு சொல்லிடலாம்" என்றான் அவள் மகன். நான் தலையாட்டினேன்.

உள்ளே போனபோது அவள் விழித்திருந்தாள். மகன் முகத்தைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள், கடைசியாக என்னிடம் கேட்டாள். "டாக்டர் இன்னா சொன்னாரு தம்பி?"

மகன் என் கையைப் பிடித்து அழுத்தினான். கையை விடுவித்துக்கொண்டு அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். "புத்து நோய் அண்ணி. ஆபரேஷன் பண்ணா பாதிக்குப் பாதின்னாரு. பண்ணலன்னா கஷ்டம்."

அவள் எழுந்து உட்கார்ந்து, அவிழ்ந்திருந்த முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"சரி, பண்ணட்டும். நர்சம்மாவ கூப்புடு. கையெழுத்து எங்க போடணும்னு நானே கேட்டுக்கறேன்."