சும்மா போகிற வழியில், இருபத்திரண்டாம் கட்டை

"சனிக்கிழமை. பகல் சாப்பாட்டுக்கு முந்தி. நுவரெலியா ரோட், இருபத்திரண்டாம் கட்டை, டீக்கடை. சும்மா போற வழியில எறங்குன மாதிரி வரவும். பொண்ணு வீட்டு ஆளுங்களும் சும்மா வந்த மாதிரி இருப்பாங்க. ரெண்டு பக்கமும் ஃபோன் கோல் எடுக்க வேண்டாம்."

கல்யாணத் தரகர் என் அக்காவின் கைபேசிக்கு அனுப்பிய செய்தி இது. அன்றே பிரதி செய்து வைத்தேன். திகதியும் என்னிடம் இருக்கிறது, இங்கே போடவில்லை. போட்டால் சம்பந்தப்பட்டவர்கள் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்து, "அன்னைக்கு நாங்க அந்தப் பக்கமே போகலையே" என்பார்கள். அப்படிச் சொல்லக் கூச்சப்படாதவர்கள்தான் எங்கள் வீட்டார்.

பெண் பார்க்கப் போவது இப்போது எங்களுக்கு நாகரிகக் குறைவு. அதனால் ட்ரிப் போகிறோம். வேன் பிடித்து, பாய் சுருட்டி, ஃபிளாஸ்கில் டீ ஊற்றி, மலைநாட்டு அழகை ரசிக்கக் கிளம்புகிறோம். வழியில் தற்செயலாக ஒரு கடையில் இறங்குகிறோம். அங்கே தற்செயலாக ஒரு பெண்ணும் அவளைப் பெற்றவர்களும் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிடித்திருந்தால் பேச்சு தொடரும். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ட்ரிப் போன இடத்தில் டீ குடித்தோம், அவ்வளவுதான். மானத்தைக் காப்பாற்ற இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

மாப்பிள்ளை என் அக்கா மகன், எனக்கு மருமகன். பேராதனையில் ஆய்வுகூட உத்தியோகம், முப்பதைத் தாண்டிய வயது. ஏற்கெனவே இரண்டு ட்ரிப் போய்விட்டோம். முதலாவதில், தண்ணீர் குடிக்க நுழைந்த மாதிரி நுழைந்த பெண் வீட்டில், உட்காரும் கதிரைகள் பழசு என்று அக்கா சொன்னது அந்த வீட்டார் காதில் விழுந்தது. இரண்டாவதில் என்ன சொன்னாள் என்பதை எழுத முடியாது. இந்த மூன்றாவதற்கு முன்பு அவன் தெளிவாகச் சொல்லிவிட்டான்: "அம்மா, இதுதான் கடைசி. இதுவும் கெட்டுப்போனா இனி எந்த வேன்லயும் ஏற மாட்டேன்." பெண் புசல்லாவைப் பக்கத்தில் ஆசிரியை. அவளுடைய படத்தை அவன் யாருக்கும் திருப்பித் தரவில்லை. அவன் இதற்கு முன் எந்தப் படத்தையும் வைத்துக்கொண்டதில்லை.

கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் குண்டசாலையிலிருந்து வேன் புறப்பட்டபோது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ட்ரிப் என்பதற்குச் சாட்சியாக அத்தான், அதாவது அக்காவின் கணவர், இரண்டு பேட்மின்டன் மட்டைகளைக் கொண்டுவந்திருந்தார். பந்து கொண்டுவரவில்லை. அக்கா, சும்மா போகிறவள், அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு உடுத்தியிருந்தாள்; கொண்டையில் மல்லிகை. ஓட்டுநர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கலியாண ஊட்டுக்கா போற?" என்று கேட்டார்.

"இல்ல நானா, ட்ரிப்."

"ஆ... சரி, சரி" என்றார் நானா. அந்த இரண்டாவது சரியில் எல்லாம் இருந்தது.

கட்டை என்றால் தெருவோரத்தில் தூரம் காட்ட நட்டிருக்கும் கல். வெள்ளைக்காரன் அதை மைலுக்கு ஒன்றாக நட்டான். பிறகு நாடு கிலோமீட்டருக்கு மாறியது, கல்லையும் மாற்றினார்கள். ஊர்ப்பெயர்களை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே இருபத்திரண்டாம் கட்டை என்று ஒருவர் சொன்னால், அது இருபத்திரண்டாவது மைலா, கிலோமீட்டரா என்பதைச் சொல்கிறவரின் வயதைப் பார்த்து ஊகிக்க வேண்டும். தரகரின் வயது எங்களுக்குத் தெரியாது. தலைக்குச் சாயம் பூசுகிறவர்.

அத்தான் அரசாங்க அலுவலகமொன்றில் இருந்து ஓய்வு பெற்றவர். சந்தேகம் என்பதே இல்லாதவர். கம்பளையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் 22 என்று எழுதிய வெள்ளைக் கல்லைக் கண்டதும், "நிப்பாட்டுங்க நானா" என்றார். இறங்கினோம். ஒரு டயர் கடை, ஓர் அரசமரம், மரத்தடியில் ஒரு நாய்.

"டீக்கடையக் காணோமே" என்றேன்.

"இருக்கும் மச்சான். பொறுமையா இருங்க."

"கட்டைன்னா மைல் கணக்கு, அத்தான். புசல்லாவைப் பொண்ணு எதுக்குக் கம்பளைக்கு வந்து நிக்கணும்?"

"நாடு மெட்ரிக்குக்கு மாறி எவ்வளவு காலம்! நீங்க இன்னும் பழைய பேப்பரைப் படிச்சிக்கிட்டு இருக்கீங்க."

நாங்கள் காத்திருந்தோம். டயர் கடைக்காரர் எங்கள் நான்கு சக்கரங்களையும் ஆசையோடு பார்த்தார். அக்காவின் பட்டுச்சேலையில் லொறிகள் தூசி பூசிவிட்டுப் போயின. மருமகன் கடைசியில் சொன்னான்: "ஒரு கோல் எடுத்தா முடிஞ்சிரும்."

"எடுத்தா? நாமளே தேடிக்கிட்டு வர்றோம்னு ஆகிரும்" என்றாள் அக்கா. "அவங்க எடுக்கட்டும்."

"அவங்களும் அப்படித்தானே நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டும். நாம மாப்பிள்ளை வீடு."

பிறகு என் கணக்குப்படி போவது என்று முடிவானது. என் கணக்கிலும் ஒரு சிக்கல் இருந்ததை அப்போது நான் சொல்லவில்லை: பழைய மைல் கற்களைக் கண்டியிலிருந்து எண்ணினார்களா, பேராதனைச் சந்தியிலிருந்து எண்ணினார்களா என்பது எனக்கு நிச்சயமில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பெண் தவறிப்போகும் அளவுக்கு இடைவெளி உண்டு. அதனால் வேனை மெதுவாகப் போகச் சொல்லி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தோம். வளைவுக்கு வளைவு தேயிலை, பள்ளத்தாக்கு, கோயில் கோபுரம், வெள்ளைக்காரர்கள் இறங்கிப் படம் எடுக்கும் இடங்கள். இந்தத் தெருவின் அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் யாரும் என் அக்காவோடு அதில் போனவர்கள் அல்லர்.

புசல்லாவை நெருங்குகையில் ஒரு சின்னக் கடை வந்தது. தகரக் கூரை, சாயம் போன பலகை, கண்ணாடிப் பெட்டியில் வடை. வாசலில் மூன்று பேர் நின்று எங்கள் வேனையே பார்த்தார்கள்.

"இதுவா இருக்குமோ?" என்றேன்.

"இந்தக் கடையிலயா பொண்ணு காட்டுவாங்க? கொஞ்சமாவது யோசிச்சுப் பேசு" என்றாள் அக்கா. மருமகன் பின்னால் திரும்பிப் பார்த்தான். அதற்குள் வளைவு வந்துவிட்டது.

அப்படியே போய் றம்பொடையில் நின்றோம். நீர்வீழ்ச்சி கொட்டிக்கொண்டிருந்தது. ட்ரிப் வந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று அத்தான் எங்களை நிற்க வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படத்தில் அருவி தெளிவாக இருக்கிறது. அக்கா மரக்கறிக் கடையை முறைக்கிறாள். மருமகன் கைபேசியைப் பார்க்கிறான். என் கையில் பேட்மின்டன் மட்டை. பக்கத்தில் நின்ற சீனப் பயணி ஒருவர் எங்களையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார், உள்ளூர் வழக்கம் என்று நினைத்திருக்கலாம்.

மழை பிடித்துக்கொண்டது. பகல் சாப்பாட்டு நேரமும் கடந்தது. பாயை விரிக்க இடமில்லை, ஃபிளாஸ்க் காலி. திரும்பி வருகையில், "நானாக்குப் பசிக்குது, நான் நிப்பாட்டுறேன்" என்று ஓட்டுநர் தன் விருப்பத்துக்கு ஒரு கடையில் ஒதுக்கினார். அதே தகரக் கூரைக் கடை. பசியில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஒரு குடையை மாறி மாறிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினோம்.

உள்ளே ஒரு மேசையில் நடுவயதுத் தம்பதியும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். அவர்களுடைய கோப்பைகள் எப்போதோ காலியாகி, ஓரத்தில் டீ காய்ந்திருந்தது. பெண் சாதாரண சுடிதாரில் இருந்தாள். அக்கா அவர்களைப் பார்க்காமலே பக்கத்து மேசையில் உட்கார்ந்து, நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"அட்ரஸ் கேட்டா கட்டை சொல்லுதுங்க. என்ன ஜனமோ! எஸ்டேட் புத்தி எங்க போகும்?"

மருமகன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தான்.

"ஏன்டா காலை மிதிக்கிற? உள்ளதைத்தானே சொல்றேன். டீச்சர் வேலை கெடைச்சிட்டா டவுன் ஆள் ஆயிருவாங்களா? நாம அப்படியா வளர்ந்தோம்?"

வரலாற்றை எழுதுகிறவன் இந்த இடத்தில் ஒன்றைப் பதிய வேண்டும். அக்கா பிறந்தது தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்களின் லய வரிசையில், கோடியிலிருந்த ஒற்றையறைக் காம்பராவில். இரண்டு வருஷம் கழித்து நானும் அதே காம்பராவில்தான் பிறந்தேன். குண்டசாலைக்கு வந்தபிறகு அந்தத் தோட்டத்தை அவள் "எங்க ஊர்ப் பங்களா பக்கம்" என்று சொல்லிப் பழகிக்கொண்டாள். பங்களா இருந்தது உண்மை. துரை அதில் இருந்தான்.

மருமகன் மறுபடி மிதித்தான். இம்முறை அத்தானின் காலில் பட்டது. "என்னடா?" என்றார் அவரும், உரக்க.

பக்கத்து மேசையிலிருந்த அம்மா எழுந்து, தங்கள் மேசையிலிருந்த, மிளகாய் இடித்த கட்டச்சம்பல் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். "ரொட்டிக்கு இதைத் தொட்டுக்கங்க. நல்லா இருக்கும்" என்றார். குரலில் ஒன்றும் இல்லை.

"ட்ரிப்பா ஆன்ட்டி?" என்று கேட்டாள் பெண்.

"ஆமாம்மா. சும்மா நுவரெலியா வரைக்கும்."

"காலையில மேல போனீங்க. யாரையோ தேடுற மாதிரி இருந்துச்சு."

"சேச்சே, யாரையும் தேடல" என்றாள் அக்கா. பிறகு ஆவலை அடக்க முடியாமல், "இந்த இருபத்திரண்டாம் கட்டைங்கறது எங்கம்மா இருக்கு?"

"இதுதான், ஆன்ட்டி. நீங்க உட்கார்ந்திருக்கிற எடம். ரோட்டை அகலமாக்குனப்ப கல்லைப் புடுங்கிட்டாங்க. பேரு மட்டும் நிக்குது."

அத்தான் சுவரிலிருந்த ஒரு பழைய கலண்டரை ஆழ்ந்து வாசிக்கத் தொடங்கினார். அக்காவின் கையிலிருந்த ரொட்டி வாய்க்கும் தட்டுக்கும் இடையில் நின்றுவிட்டது. மருமகன் மட்டும் நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தான். வேனில் ஏறியதிலிருந்து அவன் முகத்தில் நான் கண்ட முதல் உயிர்ப்பு அது. அதோடு எல்லாம் முடிந்தது என்ற பயமும்.

பெண்ணின் அப்பா எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "நாங்களும் சும்மாதான் வந்தோம்" என்றார். "அப்ப நீங்க போயிட்டு வாங்க. நேரமாச்சுன்னா நுவரெலியாவுல மூட்டம் எறங்கிரும்."

அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, வேண்டாம் என்ற சொல்கூட இல்லை. எங்களுக்காக நாங்களே செய்து வைத்த வாசல் வழியாக எங்களை வெளியே அனுப்பினார். நாங்களும் போனோம். நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் என்பதால் மறுபடி மேல்நோக்கித்தான் வேனைத் திருப்ப வேண்டியிருந்தது. கண்டிக்குத் திரும்ப அவர்கள் கண்ணில் படாத ஒரு வளைவு வரை போனோம். நானா சிரிப்பை அடக்கியதில் வண்டி குலுங்கியது.

அந்த வளைவில் மருமகன் சொன்னான்: "நிப்பாட்டுங்க நானா. குடையைக் கடையில விட்டுட்டேன்."

"ஒரு குடைதானே, போகட்டும்" என்றாள் அக்கா.

"போகாது" என்று சொல்லிவிட்டு, மழையில் இறங்கி நடந்தான். ஒரு குடையை எடுப்பதற்குத் தேவையானதைவிட மிக அதிக நேரம் கழித்து வந்தான். குடை கையில் இருந்தது; விரிக்கப்படவில்லை. முழுக்க நனைந்திருந்தான். "என்னடா சொன்னாங்க?" என்று அக்கா கேட்டதற்கு, "குடையைக் குடுத்தாங்க" என்றான்.

அதற்குப் பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் புசல்லாவைப் பக்கம் போகிறான். பஸ்ஸில் போகிறான், தனியாக. எதற்கு என்று கேட்டால், "சும்மா, காத்து வாங்க" என்கிறான். அக்கா தரகரோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். அலுமாரியிலிருந்து பட்டுச்சேலையை எடுத்து இரண்டு முறை வெயிலில் காயப்போட்டதைப் பார்த்தேன். எதற்கென்று நான் கேட்கவில்லை.

குடை விஷயத்தில் ஒரு குறிப்பு. அன்று கடையிலிருந்து வேனுக்குத் திரும்பியபோது, அவன் குடையை எடுத்துக்கொண்டுதான் வந்தான், பிறகு வேனிலிருந்தே ஒளித்துக்கொண்டு இறங்கினான் என்கிறார் அத்தான். இல்லை, உண்மையாகவே மறந்தான் என்கிறாள் அக்கா. நான் அந்த நேரத்தில் தெருவோரத்தில் குனிந்து, பிடுங்கிய கல்லின் அடிப்பாகமாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. அவன் மறந்தானா, மறந்த மாதிரி வந்தானா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.